காவிரிப் படுகையின் விருந்தினர் இல்லக் கட்டிடக்கலை

காவிரிப் படுகையின் விருந்தினர் இல்லக் கட்டிடக்கலை என்பது தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய நெல்விளை பகுதியில், வெளியூரார் தங்கி ஓய்வெடுப்பதற்கான கட்டிடங்களை அப்பகுதியின் காலநிலை, மண், நீர் ஆகியவற்றுக்கு ஏற்ப அமைக்கும் முறையைக் குறிக்கும். திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகளும், வழிப்போக்கர் தங்கிய சத்திரங்களும் இம்முறைக்கு அடிப்படையாக உள்ளன. கும்பகோணம், திருவிடைமருதூர், சுவாமிமலை ஆகிய ஊர்களைச் சுற்றிலும் இத்தகைய ஓய்வில்லங்கள் சில இயங்கி வருகின்றன.

இக்கட்டிடங்கள் பேண்தகு கட்டிடங்களாகக் கருதப்படுவதற்குக் காரணம் அவற்றின் பழமையான தோற்றம் அன்று. குறுகிய முகப்பு, பொதுச் சுவர், திறந்த முற்றம், தாழ்ந்த இறவாரம், சுண்ணாம்புக் காரை, கொல்லை ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் ஓர் ஒழுங்கமைப்பாகும். அவற்றுள் ஒன்றை நீக்கினாலோ அடைத்தாலோ ஏனையவற்றின் பயனும் குறைகின்றது.

## நிலமும் காலநிலையும்

திருவிடைமருதூர் காவிரியின் தென்கரையில், கும்பகோணத்திற்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கிழக்கே அமைந்துள்ள ஊர் ஆகும். சுற்றியுள்ள நிலம் ஏறக்குறைய சமதளமான வண்டல் நிலம். ஆறுகளும் வாய்க்கால்களும் நெருங்கிப் பாய்வதால் நிலத்தடி நீர் பல இடங்களில் அதிக ஆழமின்றிக் கிடைக்கின்றது. களிமண் மிகுந்த இடங்களில் மழைக்காலத்தில் மண் உப்புவதும் கோடையில் வெடிப்பதும் இயல்பு. எனவே இங்கு கட்டிடங்கள் தரையைத் தோண்டி இறங்குவதைத் தவிர்த்து, மேடான அடித்தளத்தின் மீது எழுப்பப்படுகின்றன.

மே மாதத்தில் பகல் வெப்பநிலை 37 பாகை செல்சியசைத் தாண்டுவது வழமை. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கின்றது. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் உயர்ந்தே காணப்படும். ஆகவே இப்பகுதிக் கட்டிடம் மூன்று தேவைகளை ஒருசேர நிறைவேற்ற வேண்டியுள்ளது:

- கோடை வெயிலைச் சுவரிலும் கூரையிலும் படாமல் தடுத்தல்
- வியர்வை உலரும் அளவுக்குக் காற்றோட்டம் தருதல்
- குறுகிய காலத்தில் கொட்டும் மழைநீரைச் சேதமின்றி வெளியேற்றுதல்

## வரலாறு

காவிரிப் படுகையில் விருந்தினருக்கு இடமளித்தல் வீட்டின் முகப்பிலேயே தொடங்கியது. தெருவை நோக்கிய திண்ணை, வீட்டாரின் அனுமதியை நாடாமலேயே வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறுவதற்கான இடமாகப் பயன்பட்டது. பல வீடுகளின் திண்ணையில் தலை வைத்துப் படுப்பதற்கு வசதியாகச் சரிவான திண்டும் காரையிலேயே கட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

இதன் விரிந்த வடிவமே சத்திரம் ஆகும். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுகிலும் சத்திரங்களை அமைத்தனர். இரண்டாம் சரபோசி (ஆட்சிக்காலம் 1798–1832) ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தங்குமிடமும் உணவும் மட்டுமன்றிக் கல்வியும் மருத்துவமும் அங்கே வழங்கப்பட்டன. பெருங்கட்டிடமாக இருப்பினும் அதுவும் தூண் வரிசைகள் சூழ்ந்த திறந்த முற்றங்களைக் கொண்டே அமைந்தது.

1787 முதல் 1798 வரை தஞ்சாவூர் மன்னராக இருந்த அமரசிம்மன் பதவி நீக்கப்பட்டபின் திருவிடைமருதூரில் வாழ்ந்தார். அவரது அரண்மனை இருந்ததும், மகாலிங்கசுவாமி கோயிலின் திருவிழாக்களுக்குப் பெருந்திரளானோர் வந்து தங்கியதும், இவ்வூரில் விருந்தோம்பலுக்கான கட்டிடங்கள் பெருகக் காரணமாயின.

முற்றமுள்ள ஓட்டு வீடும் காரை வீடும் நிலவுடைமையாளர், வணிகர் முதலியோருடையவை. வயலில் உழைத்தோரில் பெரும்பாலோர் மண்சுவரும் கீற்று அல்லது வைக்கோல் வேய்ந்த கூரையும் கொண்ட சிறிய வீடுகளிலேயே வாழ்ந்தனர். சத்திரங்களிலும் சாதி அடிப்படையில் உணவும் இடமும் பிரிக்கப்பட்டிருந்தன. இன்றைய ஓய்வில்லங்கள் எடுத்தாளும் மரபு, அப்பகுதி மக்களுள் ஒரு பிரிவினரின் மரபே ஆகும்.

## முற்றவீட்டின் அமைப்பு

கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் அக்கிரகாரங்களிலும் வீட்டுமனைகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் இருக்கும். தெருவிலிருந்து கொல்லை வரை வீடு ஒரே நேர்கோட்டில் செல்லும். அதன் பகுதிகள் பின்வருமாறு:

- திண்ணை – தெருவை ஒட்டிய உயர்ந்த மேடை. இதன்மேல் கூரையின் இறவாரம் தாழ்ந்து நிற்கும்.
- இரேழி – வாயிலுக்கும் உள்வீட்டிற்கும் இடையேயுள்ள குறுகிய இடைகழி.
- முற்றம் – வானம் பார்த்த, தரையிலிருந்து சற்றுத் தாழ்ந்த சதுரம்.
- தாழ்வாரம் – முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் சாய்ந்த கூரையுள்ள நடைபகுதி.
- கூடம் – முற்றத்தை நோக்கித் திறந்த பெரிய பொது இடம். ஊஞ்சல் பெரும்பாலும் இங்கேயே இருக்கும்.
- அறைகள் – கூடத்தை ஒட்டி அமைந்த, சிறிய சன்னல்களுடைய சேமிப்பு மற்றும் உறங்கும் அறைகள்.
- இரண்டாங்கட்டு – சமையலறையும் அதற்குரிய சிறிய முற்றமும்.
- கொல்லை – கிணறு, மாட்டுக்கொட்டகை, வாழை, தென்னை ஆகியன உள்ள பின்பகுதி.

அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் நீளமான இரு பக்கங்களிலும் வெயில் படுவதில்லை. முன்புறமும் பின்புறமும் கூரையும் மட்டுமே வெப்பத்தை ஏற்கின்றன. முன்புறத்தைத் திண்ணையின் இறவாரமும், பின்புறத்தைக் கொல்லையின் மரங்களும் மறைக்கின்றன.

## குளிர்ச்சி ஏற்படும் விதம்

இரவில் முற்றத்தின் தரையும் அதைச் சூழ்ந்த ஓட்டுக்கூரையும் தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை வெளியிட்டுக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்று அடர்த்தி மிகுந்து முற்றத்திற்குள் இறங்கிக் கூடத்தில் பரவுகின்றது. பகலில் வீட்டுக்குள் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேற, அதன் இடத்தை நிரப்ப இரேழி வழியாகவும் கொல்லை வழியாகவும் காற்று உள்ளே வருகின்றது. வாயில் முதல் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் இருப்பது இவ்வோட்டத்திற்குத் துணைபுரிகின்றது. இரேழி குறுகலாக இருப்பதால் அதன் வழியே நுழையும் காற்றின் வேகம் சற்றுக் கூடுகின்றது.

தடித்த செங்கற்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே கடத்துவதில்லை. வெப்பம் உட்பக்கத்தை அடைவதற்குப் பல மணி நேரம் ஆகும். எனினும் இப்பண்பு பாலைநிலங்களில் தரும் அளவுக்கு இங்கு பயன் தருவதில்லை. ஈரப்பதம் மிகுந்த காலத்தில் பகலுக்கும் இரவுக்குமான வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருப்பதால், சுவர் இரவில் முழுமையாகக் குளிர்வதற்கு வாய்ப்பில்லை. ஆகவே காவிரிப் படுகையில் சுவரின் தடிப்பைவிட நிழலும் காற்றோட்டமுமே முதன்மையானவை.

## கட்டுமானப் பொருட்கள்

### சுண்ணாம்பு

கடற்கரைப் பகுதியிலிருந்து கிடைத்த கிளிஞ்சலைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு, மணலுடன் சேர்த்து அரைக்கப்பட்டுக் காரையாகப் பயன்பட்டது. கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்த நீரைச் சேர்ப்பது கொத்தனார்களின் வழக்கம். சுண்ணாம்பைச் சுட ஏறத்தாழ 900 பாகை செல்சியசு போதுமானது. சிமெண்ட் தயாரிக்க ஏறத்தாழ 1,450 பாகை தேவைப்படுகின்றது. மேலும், சுண்ணாம்புக் காரை இறுகும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. சூளையில் வெளியேறிய வாயுவின் ஒரு பகுதி இவ்வாறு சுவருக்குத் திரும்புகின்றது.

சுண்ணாம்பின் மற்றொரு பண்பு நீராவியைத் தன்னூடே செல்லவிடுவதாகும். அடித்தளத்திலிருந்து மேலேறும் ஈரம் சுவரின் பரப்பில் ஆவியாகி வெளியேறிவிடும். நிலத்தடி நீர் அருகிலேயே உள்ள இப்பகுதியில் இது மிகவும் இன்றியமையாதது.

### கூரை

சாய்ந்த கூரைகள் பனை மரத்தால் ஆன கைமரங்களின் மீது வரிச்சுகளைப் பரப்பி, குயவர் கையால் செய்த அரைவட்ட நாட்டு ஓடுகளை அடுக்கி அமைக்கப்பட்டன. பல அடுக்காக வேயப்படுவதால் ஓடுகளுக்கிடையே காற்று தங்கி வெப்பத்தைத் தடுக்கின்றது. 1865 இல் பாசல் மிசன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் சீமை ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. இது ஒற்றை அடுக்காக வேயப்படுவதால் எடை குறைவு. ஆனால் மரத்தட்டோ இரண்டாம் அடுக்கோ இல்லாவிட்டால் நாட்டு ஓட்டைவிடக் கூடுதலாகச் சூடேறும்.

தட்டையான தளங்களுக்குத் தேக்கு உத்திரங்களின் மீது மெல்லிய சிறிய செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிக்கும் முறை கையாளப்பட்டது. இது மெட்ராசு தளம் என அழைக்கப்படுகின்றது. இதில் இரும்புக் கம்பியோ சிமெண்டோ தேவைப்படுவதில்லை.

## விளைபொருளும் விருந்தினரும்

விளைபொருளைச் சேமிக்கும் இடத்திலேயே விருந்தினரையும் தங்கவைக்கும் வழக்கம் பிற நாடுகளின் திராட்சைத் தோட்டங்களில் நன்கு அறியப்பட்டது. பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளில் வைன் ஆலைகளை ஒட்டி விருந்தினர் இல்லங்கள் உள்ளன. இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தின் நாசிக்கிலுள்ள சூலா நிறுவனம் தன் திராட்சைத் தோட்டத்திலேயே தங்கும் விடுதியை நடத்தி வருகின்றது. வைன் பீப்பாய்களுக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 முதல் 15 பாகை வரையிலான நிலையான வெப்பநிலை தேவைப்படுவதால், ஐரோப்பாவில் நிலவறைகள் தோண்டப்பட்டன. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை பருவத்திற்கேற்ப அதிகம் மாறுவதில்லை என்பதே இதன் அடிப்படை.

காவிரிப் படுகையின் விளைபொருள் நெல். இதற்குக் குளிரைவிட உலர்ந்த நிலையே முதன்மைத் தேவை. நிலத்தடி நீர் மேலே உள்ள இடத்தில் நிலவறை தோண்டினால் ஈரம் புகுந்துவிடும். எனவே இங்கு சேமிப்பு தரைக்கு மேலே உயர்த்தப்பட்டது. வீடுகளில் மண் உறைகளை அடுக்கிச் செய்த குதிரும், மரப்பலகையால் ஆன பத்தாயமும் பயன்பட்டன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையிலுள்ள நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியமும், திருவரங்கம் கோயிலின் வட்டவடிவக் களஞ்சியங்களும் இதன் பெரிய வடிவங்கள் ஆகும்.

எனவே நிலவறை என்னும் பேண்தகு தீர்வை இங்கு அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. திராட்சை நிலம் தரைக்குள் இறங்கிப் பெற்ற பயனை, நெல்நிலம் அடித்தளத்தை உயர்த்தியும் காற்றை உள்ளே விட்டும் பெறுகின்றது. ஓர் இடத்தில் சிறந்த தீர்வு வேறோர் இடத்தில் பிழையாகிவிடலாம் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

## தற்கால ஓய்வில்லங்கள்

இப்பகுதியின் தற்கால ஓய்வில்லங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. பழைய வீட்டை மீட்டுப் பயன்படுத்துபவை. சுவாமிமலைக்கு அருகே திம்மக்குடியில், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட வீட்டை மையமாகக் கொண்ட இன்டெகோ விடுதி இவ்வகையைச் சேர்ந்தது. தஞ்சாவூர் நகரிலுள்ள ஸ்வத்மா விடுதியும் பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்து அமைக்கப்பட்டது.
2. பழைய வடிவில் புதிதாகக் கட்டப்பட்டவை. திருவிடைமருதூர் வட்டத்திலுள்ள வேப்பத்தூரின் மந்திரா கூடம், அக்கிரகார வீடுகளின் திண்ணையையும் ஓட்டுக்கூரையையும் தழுவிய குடில்களைக் கொண்டுள்ளது.
3. தற்காலத்து மாற்று நுட்பங்களைக் கையாள்பவை. லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய எலிப்பொறிக் கட்டுச் சுவர், செங்கல் தேவையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதோடு உள்ளே காற்று இடைவெளியையும் தருகின்றது. ஆரோவில் மண் கட்டிட நிறுவனம் பரப்பிவரும் அழுத்திய மண்கற்கள், சிறிதளவு சிமெண்ட் கலந்து சூளையில் சுடாமலேயே செய்யப்படுகின்றன.

பழைய வீடுகளின் அமைப்பை நேரில் கண்டறிய விரும்பும் மாணவர்களுக்கு, 1996 இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தஞ்சாவூர்ப் பகுதி உழவர் வீடு ஒன்று மீளக்கட்டி வைக்கப்பட்டுள்ளது.

## மாற்றியமைக்கும்போது எழும் சிக்கல்கள்

### முற்றத்தை மூடுதல்

மழைச்சாரல், கொசு, பாதுகாப்பு ஆகிய காரணங்களால் முற்றத்தின் மேல் கண்ணாடி அல்லது ஒளி ஊடுருவும் தகடு பொருத்தப்படுவது உண்டு. இது வெயிலை உள்ளே விட்டு, எழும் வெப்பக் காற்றை வெளியேற விடாமல் தடுக்கின்றது. குளிர்ச்சி தந்த முற்றம் இதனால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அறையாக மாறுகின்றது. பின்னர் கூடத்திற்கும் குளிர்சாதனக் கருவி தேவைப்படுகின்றது. கம்பி வலையும், பக்கங்களில் திறப்புள்ள உயர்த்திய கூரையும் இதற்கு மாற்றாகும்.

### சிமெண்ட் பூச்சு

பழைய சுண்ணாம்புச் சுவரின் மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அடித்தளத்திலிருந்து ஏறும் நீருடன் வரும் உப்பு பூச்சுக்குப் பின்னே படிந்து, சில ஆண்டுகளில் பூச்சையும் செங்கல்லின் மேற்பரப்பையும் சேர்த்தே உதிரச்செய்யும். நெகிழிப் பூச்சு வண்ணங்களும் இதே விளைவைத் தருகின்றன.

### தனிக்குடில்கள்

விருந்தினரின் தனிமைக்காக வீடுகளைத் தனித்தனியே அமைக்கும்போது, நான்கு சுவர்களிலும் வெயில் படுகின்றது. தோற்றம் அக்கிரகார வீட்டை ஒத்திருந்தாலும் பொதுச்சுவரின் பயன் இல்லாமல் போகின்றது. இதை ஈடுசெய்ய, கிழக்கிலும் மேற்கிலும் ஆழமான தாழ்வாரங்களும் நிழல் மரங்களும் தேவை.

### குளியலறை

பழைய வீட்டில் நீர்ப் பயன்பாடு முழுவதும் இரண்டாங்கட்டிலும் கொல்லையிலும் நிகழ்ந்தது. ஒவ்வோர் அறைக்கும் குளியலறை சேர்க்கும்போது நடுவீட்டுச் சுவர்களில் ஈரம் இறங்குகின்றது. குளியலறைகளைக் கொல்லைப் பக்கத்தில் தனிச்சுவரோடு ஒட்டுக்கட்டிடமாக அமைத்தல் சிறந்தது.

### பழைய தூண்கள்

இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் வாங்கிப் பயன்படுத்துவது மரம் வீணாகாமல் தடுக்கின்றது. எனினும் அவற்றுக்குக் கிடைக்கும் விலையே, பழுதுபார்க்கத்தக்க வீடுகள் பிரித்து விற்கப்படுவதற்கும் தூண்டுதலாக அமையக்கூடும்.

## நீர் மேலாண்மை

கூரையின் நாற்புறமும் விழும் மழைநீர் முற்றத்தில் சேர்ந்து, தூம்பு வழியாக வெளியேறும். வீட்டார் முற்றத்தில் அண்டாக்களை வைத்து இதைப் பிடித்துப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு அனைத்துக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முற்றத் தூம்பைத் தொட்டியுடனோ கிணற்றுடனோ வடிகட்டி வழியாக இணைப்பதன் மூலம் பழைய அமைப்பே இத்தேவையை நிறைவேற்றும்.

கிணற்றடி நீர் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்ததும் இதன் தொடர்ச்சியே. இன்று சோப்பும் பிற வேதிப்பொருட்களும் கலப்பதால், கல்வாழை போன்ற செடிகள் வளரும் சரளைப் பாத்திகளில் கழிவுநீரை வடித்தபின் தோட்டத்திற்குப் பாய்ச்சுவது நல்லது. வாய்க்காலில் நேரடியாக விடப்படும் விடுதிக் கழிவுநீர் அடுத்துள்ள வயலையே சென்றடையும்.

## நிலப் பயன்பாடு

ஒரு கட்டிடம் எவ்வளவு குறைந்த ஆற்றலில் இயங்கினாலும், அது நஞ்சை நிலத்தை நிரவிக் கட்டப்பட்டிருந்தால் அதைப் பேண்தகு கட்டிடம் என்று சொல்வது கடினம். வயல் என்பது வாய்க்கால், வடிகால், வரப்பு ஆகியவற்றால் அண்டை வயல்களுடன் பிணைந்தது. நடுவே மண் கொட்டி உயர்த்தினால் சுற்றியுள்ள வயல்களின் வடிகால் தடைப்படும். பழைய ஊர்கள் மேடான நத்தம் நிலங்களில் நெருக்கமாக அமைந்து, விளைநிலத்தை விட்டுவைத்தன.

2020 இல் தமிழ்நாடு அரசு சட்டத்தின் வழியாகக் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்தது. இச்சட்டம் எண்ணெய், எரிவளி அகழ்வு போன்ற குறிப்பிட்ட புதிய தொழில்களைத் தடைசெய்வதையே முதன்மையாகக் கொண்டது. ஊருக்குள் பாழடைந்து நிற்கும் வீடுகளை மீட்டெடுப்பது, புதிய நிலத்தையும் புதிய செங்கல்லையும் நாடாமல் தங்குமிடம் பெறும் வழியாகும். வண்டலின் மேல்மண்ணே செங்கல்லாகச் சுடப்படும் இப்பகுதியில் இது இருமடங்கு பயனுடையது.

## குறைகளும் வரையறைகளும்

இம்மரபு முறைக்கும் குறைகள் உள்ளன. நாட்டு ஓட்டுக் கூரைகளை அவ்வப்போது பிரித்து மாற்றி வேய வேண்டும். அதை அறிந்த தொழிலாளர்களும், நாட்டு ஓடு செய்யும் குயவர்களும் அருகிவிட்டனர். சுண்ணாம்புக் காரை இறுக நீண்ட காலம் தேவைப்படுவதால் கட்டுமானச் செலவு கூடுகின்றது. மர உத்திரங்களைக் கரையான் தாக்குகின்றது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், படுகையின் தென்பகுதியில் ஏராளமான ஓட்டுக்கூரைகளையும் கீற்றுக்கூரைகளையும் அழித்தது. எனவே கடற்கரையை நெருங்கிய பகுதிகளில் கைமரங்களைச் சுவருடன் இரும்புப் பட்டையால் பிணைத்தல் அவசியம்.

கீற்றுக்கூரை வெப்பத்தை நன்கு தடுப்பதாயினும் தீப்பற்றக்கூடியது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக்கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். இதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. மரபுத் தோற்றத்திற்காகக் கீற்றுக்கூரையை நாடும் ஓய்வில்லங்கள் சமையலறையைத் தள்ளி அமைப்பதும், ஒவ்வொரு கட்டிடத்திற்கும் இரு வெளிவாயில்களை வைப்பதும், பலர் உறங்கும் இடங்களில் கீற்றைத் தவிர்ப்பதும் வேண்டும்.

இக்கட்டிடங்கள் உச்சக் கோடையில் குளிர்சாதன அறைக்கு ஒப்பான குளிர்ச்சியைத் தருவதில்லை. அவை தருவது மின்விசிறியின் துணையோடு தாங்கத்தக்க நிழலும் காற்றும் ஆகும். குளிர்சாதனம் தேவைப்படுமிடத்து, அதை மூடிய சிறிய உறங்கும் அறைகளுக்கு மட்டும் வரையறுத்து, கூடத்தையும் தாழ்வாரத்தையும் திறந்தவெளியாகவே விடுவது, முற்றம் தொடர்ந்து இயங்குவதற்கும் மின்செலவு குறைவதற்கும் வழிவகுக்கின்றது.

## இவற்றையும் பார்க்கவும்

- திண்ணை
- அக்கிரகாரம்
- சத்திரம்
- திருவிடைமருதூர்
- செட்டிநாட்டு வீடுகள்
- லாரி பேக்கர்
- மழைநீர் சேகரிப்பு